வழவழப்பான ரிம்முக்கு எந்த பிரேக் கட்டை? (ட்ரையல்ஸ் சைக்கிள், அதாவது காலை ஊன்றாமல் பாறை, திண்டு மேல் குதித்து ஏறுகிற சைக்கிள்)

மே 11 – கேள்வி, புனலூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர்

அண்ணே, பழைய 20 இஞ்ச் ட்ரையல்ஸ் சைக்கிள் ஒன்று கைமாற்றி வாங்கியிருக்கிறேன். முன்னால் டிஸ்க், பின்னால் மகுரா எச்எஸ்33 ரிம் பிரேக் (எண்ணெய் அழுத்தத்தில் இரண்டு கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிப்பது). பின் ரிம் சுத்தமாக வழவழவென்று இருக்கிறது. பின் சக்கரத்தில் நின்று குதிக்கும்போது, பிரேக்கை முழுசாகப் பிடித்தும் சக்கரம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறது. கிரைண்டர் வைத்து ரிம்மைக் கீறிவிடு என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. கட்டையை மட்டும் மாற்றினால் போதுமா? எந்தக் கட்டை?

மே 11, இரவு

கிரைண்டர் பக்கமே போகாதீர்கள். கட்டைக்கும் இப்போது காசு அனுப்பாதீர்கள். முதலில் ரிம்மைத் துடையுங்கள். மீதி நாளைக்கு.

மே 12

துடைப்பது என்றால் பனியனைக் கிழித்து ஒரு தேய்ப்பு தேய்ப்பது இல்லை. பழைய சைக்கிள் கைமாறும்போது விற்கிறவர் செய்கிற முதல் காரியம், செயினுக்கு எண்ணெய் விட்டுப் பளபளப்பாக்கிக் காட்டுவது. அந்த எண்ணெய் சக்கரம் சுற்றும்போது ரிம் ஓரத்தில் தெறித்திருக்கும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தால் இன்னும் மோசம். அழுக்கு போய்விடும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை தங்கிவிடும். அதற்குமேல் எந்தக் கட்டையைப் போட்டாலும் வழுக்குமரம் ஏறுகிற கதைதான்.

மெடிக்கலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். கொரோனாவுக்கு அப்புறம் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. வெறும் ஸ்பிரிட் என்று கேட்டு வாங்கினால் இரண்டு சொட்டு கையில் தேய்த்து உலரவிட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பு மிஞ்சினால் அது வேண்டாம். வெள்ளைத் துணியில் நனைத்து ரிம்மின் இரண்டு பக்கமும் துடையுங்கள். துணி கறுப்பாக வரும். வேறு இடத்தை மடித்துத் துடையுங்கள், மறுபடி கறுக்கும். அலுமினியத் தூளும் பழைய கட்டையின் ரப்பரும் கலந்த கறுப்பு அது. துணி வெள்ளையாகவே வரும்வரை விடக்கூடாது. ஸ்போக் நிப்பிள் பக்கத்திலும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் அங்கேதான் ஒளிந்திருந்து, வெயில் ஏறினதும் கீழே இறங்கும்.

அப்புறம் கட்டையைக் கழற்றி முகத்தைப் பாருங்கள். மினுமினுப்பாக இருந்தால் உப்புத்தாளைச் சமமான பலகையில் வைத்து, அதன்மேல் கட்டையை எட்டு போடுகிற மாதிரி தேயுங்கள். முகத்தில் வெள்ளிப் பொட்டாகத் தெரிவதெல்லாம் ரிம்மிலிருந்து பிய்ந்து வந்த அலுமினியம். ஊசியால் நோண்டி எடுத்துவிடுங்கள். இதெல்லாம் செய்தபிறகும் நழுவினால் கட்டையைப் பற்றிப் பேசுவோம்.

மே 13

தம்பி துடைத்துவிட்டார். 'பாதி நழுவல் நின்றுவிட்டது, மீதிப் பாதி இருக்கிறது' என்கிறார். சரி, இனி கட்டை.

சாதாரண சைக்கிள் கட்டை, சுற்றுகிற சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாக்கச் செய்தது. நமக்கு வேண்டியது அது இல்லை. நிற்கிற சக்கரம் நின்றபடி இருக்க வேண்டும். ஆள் கனம் முழுவதும் பின் டயரில் இறங்கி, முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளும்போது ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது. அதனால் 'மெதுவாகப் பிடிக்கும், இதமாக இருக்கும்' என்று புகழப்படுகிற கட்டை நமக்கு ஆகாது.

வழவழ ரிம்மிலேயே இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, பூச்சு எதுவும் இல்லாமல் பாலிஷ் போட்ட வெறும் அலுமினியம். இன்னொன்று ஆனோடைஸ் செய்தது; கறுப்போ சிவப்போ நீலமோ, சாயம் ஏற்றினது மாதிரி இருக்கும். ஆனோடைஸ் என்பது அலுமினியத்தின் மேலேயே வளர்த்த ஆக்சைடு தோல். கெட்டியானது, வழுக்கும். மகுராவிலேயே பாலிஷ் ரிம்முக்குச் சிவப்புக் கட்டை, ஆனோடைஸ் ரிம்முக்குக் கறுப்புக் கட்டை என்று தனித்தனியாக உண்டு. கடைக்காரருக்கு இது தெரியாவிட்டால் கறுப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார். உங்கள் ரிம்மில் கட்டை உரசுகிற பட்டையில் மட்டும் நிறம் போய் வெள்ளையாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்களுடையது இப்போது பாலிஷ் ரிம் கணக்கு, சிவப்பைப் போடுங்கள்.

அதற்கு மேல்படி, ட்ரையல்ஸுக்கென்றே வருகிற பாலியூரித்தேன் (ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்) கட்டைகள். அலுமினிய முதுகில் பாலியூரித்தேன் ஒட்டியிருக்கும், சிலது கண்ணாடியாகவே தெரியும். வழவழ ரிம்மில் காய்ந்த நாளில் இதற்கு இணை கிடையாது, என் ஓட்டு இதற்குத்தான். வாங்கும்போது வழவழ ரிம்முக்கா, கீறின ரிம்முக்கா என்று கேட்டே வாங்க வேண்டும். மிருதுவான கட்டை வழவழ ரிம்மில் நன்றாக அப்பிக்கொள்ளும். அதையே கீறின ரிம்மில் போட்டால் தேங்காய்ப்பூவாகத் துருவித் தள்ளிவிடும். கெட்டியான கட்டையை வழவழ ரிம்மில் போட்டால் கீச்சென்று கத்துவதோடு சரி.

மே 15

'இவ்வளவு பாடு எதற்கு, பின்னாலும் டிஸ்க் போட்டுவிட வேண்டியதுதானே' என்று கோயம்புத்தூர் நண்பர் கேட்கிறார். போடலாம், போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 இஞ்ச் ட்ரையல்ஸ் சைக்கிளின் பின் சக்கரம் உண்மையில் 19 இஞ்ச். டயர் உட்காருகிற விட்டம் 387 மில்லிமீட்டர். அப்படியானால் கட்டை பிடிக்கிற இடம் அச்சிலிருந்து ஏறக்குறைய 190 மில்லிமீட்டர் தள்ளி. 160 மில்லிமீட்டர் டிஸ்க் என்றால் 80 மில்லிமீட்டருக்கும் உள்ளே. அதே திருகலைத் தாங்க, ரிம்மில் பிடித்தால் பாதிக்கும் குறைவான பிடி போதும். அதோடு டிஸ்க்கில் சக்கரத்தின் முறுக்கெல்லாம் ஸ்போக் வழியாக அச்சுக்குப் போய்த் திரும்ப வரவேண்டும், அந்த இடைவெளியில் ஒரு சின்ன ஆட்டம் காலுக்குத் தெரியும். டிஸ்க்கின் பெரிய லாபம் மழை. அதற்கு ஜூனில் வருவோம்.

மே 19

தம்பிக்குப் பாலியூரித்தேன் கட்டை வந்துவிட்டது, போட்டும் விட்டார். 'வலது பக்கம் பிடிக்கிறது, இடது பக்கம் சும்மா தொடுகிறது' என்று படம் அனுப்பியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது கட்டையின் மேல் ஓரம் மட்டும் ரிம்மில் பட்டு மினுக்கியிருக்கிறது, கீழ்ப் பாதி புதுசாகவே கிடக்கிறது. கட்டை என்ன செய்யும் பாவம்.

மகுராவில் பிஸ்டன் நேராகத்தான் ரிம்முக்கு வரும். வி-பிரேக் (கேபிள் இழுக்கிற இரண்டு கை உள்ள பிரேக்) மாதிரி வளைந்து வராது. அதனால் ஒருமுறை சரியாக வைத்தால் கட்டை தேயும்வரை அப்படியே நிற்கும். சிலிண்டரைப் பிடிக்கிற போல்ட்டைத் தளர்த்தி, லீவரை அழுத்தி, கட்டை தானாகவே ரிம்மில் முழு முகமும் படிய உட்காரட்டும். லீவரை விடாமல் போல்ட்டை முறுக்குங்கள். லீவரைப் பிடிக்க இன்னொரு ஆள் இருந்தால் உத்தமம். சாதாரண சைக்கிளில் கீச்சுச் சத்தம் போகக் கட்டையின் மூக்கை மட்டும் உள்ளே சாய்த்து வைப்பார்கள், இங்கே அது கூடாது.

இதற்குமுன் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்திருக்க வேண்டும். ரிம் இடமும் வலமும் ஆடினால் கட்டையைத் தள்ளி வைத்தாக வேண்டும். தள்ளி வைத்தால் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும்.

இன்னொன்று: பின்னால் நின்றுகொண்டு நண்பரை லீவர் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். பின் கவையின் இரண்டு குழாயும் வெளியே விரிகிறதா? விரிந்தால் உங்கள் விரல் பலத்தில் பாதி இரும்பை வளைக்கப் போகிறது. பூஸ்டர் என்று லாட வடிவில் ஒரு தகடு வரும், இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கட்டிவிடும். என்னைக் கேட்டால் கட்டைக்கு முன்னாலேயே பூஸ்டர் வாங்க வேண்டும். பட்டறையில் தடித்த அலுமினியத் தகட்டில் வெட்டிக்கூடக் கொடுப்பார்கள்.

மே 20

சத்தம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வழவழ ரிம்மில் நல்ல கட்டை, பிடிக்கும்போது ஒரு சின்னக் 'கிர்' கொடுக்கும். கீறின ரிம் ஊரையே கூப்பிடும். எங்கள் குளக்கரையில் ஒருவர் கீறின ரிம்மோடு ஓட்டினால் எதிர்க்கரையில் மாடு தலை தூக்கிப் பார்க்கும்.

மே 27

ஓட்டத்தைவிட்டு ஒரு சமாசாரம். தென்காசிப் பக்கம் அரிசி ஆலைகளில் நெல்லை உமி நீக்குகிற ரப்பர் ரோலர் தேய்ந்தால் கழற்றிப் போட்டுவிடுவார்கள். நல்ல கெட்டி ரப்பர். அதை அறுத்துப் பழைய கட்டையின் முதுகில் ஒட்டிப் பார்த்தேன். காய்ந்த ரிம்மில் மோசமில்லை. கடையில் வாங்குகிற சாதாரண சைக்கிள் கட்டையைவிட நிச்சயம் மேல். ஆனால் ஒட்டுப் பசைதான் சிக்கல். ட்ரையல்ஸில் கட்டைக்கு வருகிற இழுப்பு பக்கவாட்டு இழுப்பு; பசை விட்டால் ஆறடிப் பாறைமேல் பிரேக் இல்லாமல் நிற்க வேண்டியதுதான். தரையில் விளையாட மட்டும் என்றால் செய்து பாருங்கள்.

'ரப்பர் எங்கள் ஊரில் மரத்திலேயே காய்க்கிறது, அரிசி ஆலைக்கு ஏன் போகிறீர்கள்' என்று தம்பி கிண்டல். ஆரியங்காவு தாண்டினால் வழிநெடுக ரப்பர்த் தோட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் கொடியில் காயப்போட்ட ஷீட்டை அறுத்து வைத்தால் வேலைக்காகாது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றி, கரித்தூள் கலந்து கெட்டியாக்கினால்தான் அது பிரேக்குக்கு ஆகிற ரப்பர்.

ஜூன் 9

சாரல் இறங்கிவிட்டது. குற்றாலத்தில் கூட்டம் ஆரம்பம். இங்கே செங்கோட்டையில் காலையிலிருந்து பூத்தூறல், வெயில், மறுபடி தூறல். மே 13ல் பாலியூரித்தேனுக்கு இணை இல்லை என்று எழுதியது காய்ந்த நாளுக்கு. இப்போது ஈர நாள் கணக்கு வேறு.

சாதாரண சைக்கிளில் மழையில் பிரேக் பிடித்தால் முதல் ஓரிரு சுற்றில் பிடிக்காது, அப்புறம் கட்டையே ரிம்மில் உள்ள தண்ணீரை வழித்துவிடும், பிடி வந்துவிடும். ட்ரையல்ஸில் சக்கரம் சுற்றுவதே இல்லை. கால் சுற்று உருண்டு நிற்கிறது, குதிக்கிறது, மறுபடி கால் சுற்று. வழித்துவிட நேரமே கிடையாது. கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் தண்ணீர் அப்படியே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வழவழ ரிம்மில் அந்தத் தண்ணீர் ஒதுங்குவதற்கு ஒரு கீறல்கூட இல்லை. மிருதுவான கட்டை எவ்வளவு நன்றாக அப்பிக்கொள்ளுமோ அவ்வளவு நன்றாகத் தண்ணீரையும் மூடி வைத்துக்கொள்ளும்.

கட்டையின் முகத்தில் குறுக்கே இரண்டு மூன்று வாய்க்கால் வெட்டினால் கொஞ்சம் கேட்கும். ஹாக்ஸா பிளேடு போதும், ரிம்மின் திசைக்குக் குறுக்காக, ஒரு மில்லிமீட்டர் ஆழம். ஒவ்வொரு குதிப்புக்கும் முன்னால் லீவரை லேசாகப் பிடித்தபடி சைக்கிளை ஒரு முழுச் சுற்று உருட்டிவிட்டு ஏறுங்கள். கேட்கும் என்றுதான் சொல்கிறேன், பிடிக்கும் என்று சொல்லவில்லை.

ஜூன் 10

குண்டாறு அணைப் பக்கம் பாறையெல்லாம் பாசி. பிரேக் பிடித்தாலும் டயர் பிடிக்காது. இரண்டு மாசம் வீட்டு முற்றத்திலேயே செங்கல் அடுக்கிப் பழகுங்கள்.

ஜூன் 24

தார் பற்றி எழுதாமல் இருந்தேன், யாராவது கேட்பார்கள் என்று தெரியும். கேட்டுவிட்டார்கள்.

ஆமாம், ரோடு போடுகிற தார்தான். வழவழ ரிம்மில் தார்க்கட்டியை மெல்லத் தேய்த்துவிட்டு ஓட்டுவது ட்ரையல்ஸ்காரர்களிடையே பழைய வழக்கம். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே பிசினாகப் பிடித்துக்கொள்ளும். காய்ந்த நாளில் கிரைண்டருக்கு அடுத்தபடி பிடி இதில்தான். ஒரு சிட்டிகை போதும். நிறையப் பூசினால் கட்டை முகத்தில் கட்டி கட்டியாகச் சேர்ந்து, லீவரை விட்ட பிறகும் ரிம்மை விடாமல் இழுக்கும். நம்மூர் ஏப்ரல் வெயிலில் தார் இளகி டயர் ஓரம்வரை வழிந்துவிடும். மழையில் சுத்தமாகப் பிடி போய்விடும். ஒருமுறை தார் பூசிய ரிம்மைத் திரும்ப வெறும் ரிம் ஆக்குவது பெரிய பாடு, பெட்ரோல், அப்புறம் ஆல்கஹால், அப்புறம் உப்புத்தாள். புதுப் பாலியூரித்தேன் கட்டை போட்டவர்கள் தார் பக்கம் போக வேண்டாம், இரண்டில் ஒன்று போதும்.

ஜூன் 25

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. ஸ்பெயினில் கத்தலோனியா. 1970களில் மோன்டெசா மோட்டார் சைக்கிள் கம்பெனியைச் சேர்ந்த பேரே பீ என்பவர், மோட்டார் ட்ரையல்ஸ் ஓட்டியவர், தன் மகன் ஓட் பீ சைக்கிளில் பழக வழி செய்தார். மகன் பிற்பாடு உலகச் சாம்பியன் ஆனார். யுசிஐ (உலக சைக்கிள் கூட்டமைப்பு) உலகப் போட்டி 1986 முதல். நம்மில் பெரும்பாலோருக்கு இது தெரியவந்தது 2009 ஏப்ரலில் ஸ்காட்லாந்து ட்ரையல்ஸ்காரர் டானி மெக்காஸ்கில் எடின்பரோவில் வேலிக் கம்பிமேல் ஓட்டிய வீடியோவுக்கு அப்புறம்தான். அதைப் பார்த்துவிட்டு வாங்கின, சீட்டே இல்லாத ட்ரையல்ஸ் சைக்கிளை முதல்முறை தெருவில் இறக்கியபோது எதிர்வீட்டுப் பெரியவர் கேட்டது: 'ஏல, சீட்டைக் களவு குடுத்துட்டியா?'

ஜூலை 8

எச்எஸ்33க்குள் என்ன ஊற்றுவது? மினரல் ஆயில் மட்டும். பைக் பட்டறைகளில் பிரேக் ஆயில் என்றாலே டாட் 4 டப்பாவைத்தான் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருந்த சீல் எல்லாம் ஊதி, லீவர் அழுத்தினால் திரும்பவே இல்லை. நீங்களே டப்பாவைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் நின்று ஊற்ற வையுங்கள்.

ஐரோப்பாவில் சிலர் தண்ணீரே ஊற்றுகிறார்கள். எண்ணெயைவிட நீர்த்தது, லீவர் சட்டென்று திரும்பும். ஒழுகினாலும் கட்டை கெடாது. அங்கே பனிக்காலத்தில் உறைந்துவிடும் என்ற பயம் உண்டு, செங்கோட்டையில் அந்தக் கவலை இல்லை. இருந்தும் நான் ஊற்றுவதில்லை. உள்ளே உராய்கிற சீலுக்கு எண்ணெய் வேண்டும். ஆனால் எண்ணெய் ஒழுகிக் கட்டை குடித்துவிட்டால் அந்தக் கட்டையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், உப்புத்தாள் தேய்த்து மீட்கப் பார்க்காதீர்கள்.

ஜூலை 29

தம்பி ஒரு நண்பரின் ஜீப்பில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு தென்மலை, கழுதுருட்டி வழியாக வந்திருந்தார். பதின்மூன்று கண் பாலத்தில் நின்று படம் எடுக்காமல் வந்தாரா என்றால் இல்லை. கோட்டைவாசல் தாண்டினதும் புளியரை இறக்கத்தில் சைக்கிளில் இறங்கிப் பார்க்கலாமென்று ஆசைப்பட்டு, எஸ் வளைவுவரை பின் பிரேக்கைத் தேய்த்தபடியே வந்திருக்கிறார். அங்கே லாரிகளே பிரேக் தீய்கிற வாடையோடு இறங்கும். வீட்டுக்கு வந்ததும் ரிம்மைத் தொட்டுப் பார்த்தேன். கட்டையின் பாலியூரித்தேன் இளகி ரிம் முழுக்க ஒரு மெல்லிய பூச்சாகப் படிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் சுருளாக வந்தது. கட்டை முகம் தேன் நிறத்தில் மினுமினு. ட்ரையல்ஸ் கட்டை மலை இறங்க அல்ல. இறங்கியே ஆகவேண்டும் என்றால் முன் டிஸ்க்கை நம்புங்கள், இல்லை ஜீப்பிலேயே வாருங்கள்.

ஆல்கஹாலும் உப்புத்தாளும் வைத்து ஒருவழியாக மீட்டோம். அவர் ரிம்மின் ஓரச் சுவரையும் அளந்து பார்த்தோம். ஏற்கனவே மெலிந்த ரிம், உரசுகிற பட்டை உள்பக்கம் லேசாகக் குழிந்தே இருக்கிறது. சமமான ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது.

ஜூலை 30

அதனால் கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். நான் கிரைண்டருக்கு ஜென்மப் பகையாளி இல்லை. சாரல் காலத்தில் ஓட்டியே தீருவேன் என்பவருக்குக் கீறின ரிம்தான் வழி. தண்ணீர் ஒதுங்க இடம் இருக்கும், கட்டையும் பல் பதித்துப் பிடிக்கும். ஆனால் கீறல் கொஞ்ச நாளில் மழுங்கும், மறுபடி கீற வேண்டும், ஒவ்வொரு முறையும் சுவர் மெலியும். கடைசியில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே ரிம் ஓரம் பிளந்துகொள்ளும். தம்பியின் ரிம் மாதிரிக் குழிந்ததில் கிரைண்டர் வைத்தால் அந்தக் கடைசி சீக்கிரம் வந்துவிடும்.

கீறுவதானால் தடித்த சுவருள்ள புது ரிம்மில், டயரைக் கழற்றிவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு. கிரைண்டர் டிஸ்க்கை ரிம்மில் அழுத்தவே கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். கோடுகள் அச்சிலிருந்து வெளியே போகிற திசையில் விழ வேண்டும். ரிம்மோடு சுற்றிவருகிற கோடு பிடி தராது. முடித்ததும் உப்புத்தாளால் பிசிறை எடுத்துவிட்டு, கெட்டிக் கட்டையைப் போடுங்கள்.

ஆகஸ்ட் 17

தம்பி இரண்டாவது பின் சக்கரம் ஒன்று கட்டியிருக்கிறார், தடித்த ரிம். அதைக் கீறியிருக்கிறார், மழைக்கு. பழைய வழவழ ரிம் வெயிலுக்கு. இந்த எல்லைப் பக்கத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தோன்றவில்லை. செங்கோட்டையில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நனைக்கும், நடுவில் கொளுத்தும்.

ஒரே ஜாக்கிரதை, சக்கரம் மாற்றும்போது கட்டையையும் மாற்றுங்கள். மகுராவில் கட்டை பிஸ்டனில் அழுத்தி மாட்டுவதுதான், கையாலேயே பிடுங்கிப் போடலாம். கீறின ரிம்மில் ஒருநாள் ஓடின கட்டையின் முகத்தில் அலுமினியத் துகள் பதிந்திருக்கும். அதை அப்படியே வழவழ ரிம்முக்குக் கொண்டுபோனால் ரிம்மில் கோடு கோடாக இழுத்துவிடும். இரண்டு ஜோடிக்கும் தனித்தனி டப்பா, மேலே பேனாவால் 'வெயில்', 'மழை'.

ஆகஸ்ட் 18

இரண்டு ரிம்மும் ஒரே அகலமா என்று கேட்டவருக்கு: இல்லை, மழை ரிம் சற்று அகலம். அதனால் சக்கரம் மாற்றும்போதெல்லாம் சிலிண்டரையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. புதுசாகக் கட்டுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே அகல ரிம் வாங்குங்கள், அந்த வேலை மிச்சம்.